பட்டாளத்து வண்டியில் கோளாறு இல்லை

பழைய வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் டயரை அமுக்கிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. வண்டி நின்ற இடத்துத் தரையைப் பார்க்க வேண்டும். தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். தரை சுத்தமாக இருந்தால் அது ஓடி நாளாகிவிட்டது, துடைத்து வைத்து ஏமாற்றுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று உங்கள் ரைட்டர் கேஸ் ரிப்போர்ட்டை வாசிக்கக் கேட்டேன். "மேற்படி மோட்டார் சைக்கிளில் ஏற்பட்ட இயந்திரக் கோளாறு காரணமாக, கோவளத்தைச் சேர்ந்த லோகு, வயது இருபத்தொன்பது, கல்குவாரிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார்" என்று இருந்தது. பெயர் சரி. வயது சரி. பள்ளமும் சரி. இயந்திரக் கோளாறு என்பது மட்டும் தவறு. எட்டு வருஷம் அந்த வண்டியைப் பிரித்து மாட்டினவன் நான். அதில் ஒரு கோளாறும் கிடையாது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் தாள் கேட்டேன். கேட்டவுடன் கொடுத்தீர்கள், சந்தோஷம்.

என் பெயர் அசரியா. ரயில்வேயில் ஃபிட்டர். மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. மனைவி யூனிஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் பிறந்தது பம்மல் பக்கம் ஒரு கல்குவாரிக் குடிசையில். அப்பா பாறையில் துளை போட்டு வெடிமருந்து இறுக்குகிறவர். அம்மா ஜல்லி உடைத்தாள். என்னைப் பெற்ற பதினோராம் நாள் சுத்தியலை எடுத்தாள் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். ஏழு வயசில் என் தலையில் கூடை ஏறியது. பள்ளத்தில் இருந்து மேட்டுக்கு, மேட்டில் இருந்து பள்ளத்துக்கு. இதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. ஒரு ஃபிட்டருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். சுமந்தே வளர்ந்தவனுக்கு, தன்னைச் சுமக்கிற ஒன்று தேவைப்படுகிறது. அவ்வளவுதான்.

வண்டி என்னிடம் வந்தது அறுபத்தாறில். பட்டாளம் கழித்து ஏலம் விட்ட டிஸ்போசல். இரண்டாம் உலக யுத்தத்துக்கு என்று செய்தது. பச்சைப் பெயின்ட், ஐந்நூறு சிசி, ஒரே பிஸ்டன், அதுவும் சின்னச் சொம்பு அளவுக்கு. எந்த நாட்டு மணலில், எந்த வெள்ளைக்காரனைத் தூக்கிக்கொண்டு ஓடியதோ தெரியாது. அதற்குத் தார் ரோடு தேவையில்லை. தார் ரோட்டில் மற்ற வண்டிகளும் போகும். இது ஏரிக்கரையில் போகும், உப்பளத்து வரப்பில் போகும், சவுக்குத் தோப்பு மணலில் பின்சக்கரம் பாதி புதைந்தும் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் பம்மல் பக்கம் போய், நான் கல் சுமந்து ஏறிய அதே குவாரி மேட்டில் வண்டியை ஏற்றுவேன். அரை நிமிஷம் ஆகும். கூடையோடு ஏறினால் இருபது நிமிஷம்.

மரியாதையும் வந்தது. அதுவரை கோயிலில் எனக்குக் கடைசி பெஞ்சு. கமிட்டி செக்ரெட்டரி லாசரஸ் என்னைப் பார்த்தால், "தம்பி, அந்த நாற்காலியெல்லாம் கொஞ்சம் எடுத்துப் போடு" என்பார். வண்டி வந்த பிறகு கேட் வரைக்கும் வந்து, "மிஸ்டர் அசரியா, இது எத்தனை குதிரை சக்தி?" என்றார். அப்புறம் நாற்காலியை வேறு யாரோ எடுத்துப் போட்டார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் நியாயமானவன். பெட்ரோல் குடிக்கும். போன வருஷம் விலை ஏறிய பிறகு, ஒரு லிட்டர் ஊற்றும்போது யூனிஸ் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள். பாகம் கிடைக்காது. புதுப்பேட்டையில் ஒரு நட்டுக்காகப் பழைய இரும்பை நாள் முழுக்கக் கிளறியிருக்கிறேன். சத்தம் அதிகம். நான் கோயிலுக்குப் பிந்தி வந்தால் முதல் பாட்டின் ஒரு சரணம் யாருக்கும் கேட்காது. எடை, மூன்று ஆள். சாய்ந்தால் தனி ஆளால் நிமிர்த்த முடியாது. நான் நிமிர்த்துவேன்.

கடைசிக் குறை, உதைக்கும். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், உங்கள் ரிப்போர்ட்டுக்கு அதுதான் முக்கியம். ஹேண்டில்பாரின் இடது பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர் இருக்கிறது. எஞ்சினுக்குள் பொறி முந்தி விழ வேண்டுமா, பிந்தி விழ வேண்டுமா என்பதை அந்த லீவர்தான் சொல்லும். ஓடும்போது முந்தி விழ வேண்டும், அதற்கு முன்னால் தள்ள வேண்டும். கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும், அதற்குப் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்க மறந்துவிட்டு உதைத்தால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் வெடித்து, கிக்கர் திரும்பி வரும். நீங்கள் உதைத்ததைப் போல நாலு மடங்கு. ஆளைத் தூக்கி எறியும். இது கோளாறு இல்லை. அதன் குணம்.

லாசரஸ் ஒரு நாள் ஆசைப்பட்டு, நான் பார்க்காதபோது உதைத்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று முதல் எனக்கு ஒரு விதி. வண்டியைத் தொட வருகிறவன் யாராக இருந்தாலும் முதலில் லீவரைச் சொல்லுவேன். அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. லீவரைத் தெரிந்திருப்பதுதான் அதற்குச் சாவி. அதற்குப் பிறகு நான் லீவரைச் சொல்லாமல் ஒருத்தனையும் அதன் பக்கத்தில் விட்டதில்லை. லோகுவைத் தவிர.

அதற்கு வருகிறேன்.

எழுபத்தொன்றில் யூனிஸ் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தாள். கடற்காற்று நல்லது என்று கோவளத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது ரோட்டில் வந்திருக்கலாம். ஆனால் உப்பளத்து வழியில் வந்தால் வண்டி எப்படி ஓடும் என்பதை அவள் பார்த்ததில்லை. பாதி வழியில் முதுகில் தட்டினாள். சந்தோஷத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எந்த வண்டியில வந்தீங்க?" என்று கேட்டார். ரோடு சரியில்லை என்று சொன்னேன். அந்த வாரமே பின்சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் அதிகம் போட்டேன். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. நல்ல ஸ்பிரிங், வீணாகக் கிடக்கிறது.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து மறுபடியும் உண்டாகியிருக்கிறது என்று சொன்னாள். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னாள்.

"இங்க பாருங்க. இந்தக் குழந்தை பிறக்கும்போது அந்த வண்டி இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

"நீதான் அதுல ஏறப் போறதில்லையே."

"நான் ஏற வேண்டாம். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வயிறு பிடிச்சுக்குது. அது போகட்டும், இல்லன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளே ஆளையும் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவுக்குக் கோவளத்தில் இருந்து மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தி உண்டு. முத்தாலம்மாள். அவள் மகன்தான் லோகு. கட்டுமரக்காரன். யூனிஸ் அவளிடம் மீன் வாங்கும்போது வண்டியை விற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அம்மாவும் மகனும் வந்து நின்றார்கள். செருப்பில்லாத கால். டயரைத்தான் முதலில் அமுக்கினான்.

"இன்னா சார் இது, வண்டியா யானையா? மணல்ல போவுமா?"

"போகும்."

"ரெண்டு பக்கமும் பொட்டி கட்னா தாங்குமா?"

"எதுக்குப் பெட்டி?"

"மீனுக்கு சார். ஐஸ் போட்டு எத்தாந்துர்லாம். பஸ்ல கண்டக்டரு கூடையப் பாத்தாலே நாத்தம்னு சொல்லி ரைட் குடுத்துர்றான். எங்கம்மா மூணு பஸ் வுட்டு நாலாவது பஸ்ல ஏறுது, அதுக்குள்ள மீனு கண்ணு வெளுத்துப் பூடுது. பெரிய பேஜார் சார். சும்மாடு வெச்சி வெச்சி அதுக்கு உச்சில முடியே கெடியாது. யம்மா, காட்டும்மா சாருக்கு."

"போடா கய்தே" என்று அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். வெட்கத்தில் சிரித்தாள். அப்புறம் கையை நீட்டிப் பெட்ரோல் டாங்கைத் தடவினாள். "நம்ம வூட்டுக்கு வரப் போவுதா இது? கண்ணு பட்ரும்டா லோகு."

என் அம்மாவுக்கும் உச்சியில் முடி கிடையாது. அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வந்தது, போய்விட்டது. அவர்கள் போன பிறகு டாங்கை மண்ணெண்ணெய் போட்டு இரண்டு தடவை துடைத்தேன். மீன் கை.

லோகு நல்லவன், அதில் சந்தேகம் வேண்டாம். "அக்கா, வண்டி மட்டும் வரட்டும், வாராவாரம் உங்களுக்கு உசுரோட நண்டு. பாப்பாக்கு நல்லது" என்று யூனிஸிடம் சொன்னான். "உசுரோட கொண்டுவந்தா நான் வீட்டை விட்டு ஓடிருவேன்" என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். அட்வான்ஸாக ஒரு முழு வஞ்சிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். யூனிஸ் குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது. நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

அவனை விலக்க நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை அவன் வந்தபோது ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் குறைகளை எல்லாம் சொன்னேன். பெட்ரோல், பாகம், சத்தம், எடை. உதைக்கும் என்றும் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். உதைக்கும் என்று என் வாயால் சொன்னேன்.

அவன் சிரித்தான். "கடலே ஒதைக்குது சார் டெய்லி. இது இன்னா பண்ணிரப் போவுது."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? அந்த வண்டியில் இரண்டு பக்கமும் மரப்பெட்டி ஆடிக்கொண்டு, ஐஸ் தண்ணீர் சைலன்சரில் சொட்டி ஆவி எழும்ப, மேலே செதில் ஒட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் ஸ்போக் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காது. சுமப்பதற்காகச் செய்த வண்டி இல்லை அது. அதைச் சுமைதூக்கி ஆக்குவது பாவம் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்.

முடிவான விலை பேசும் முன் ஒரு ட்ரையல் பார்த்துவிடு, குவாரி மேட்டில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லி, சனிக்கிழமை வரச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணிக் கிளம்பினேன்.

பன்னிரண்டு மணி குவாரியில் வேட்டு நேரம். நீங்கள் ஊருக்குப் புதிது என்பதால் சொல்கிறேன். காலையில் எத்தனை துளை போட்டார்களோ அத்தனைக்கும் மருந்து இறுக்கி, திரி வைத்து, மூன்று விசில் ஊதி, சிவப்புக் கொடி கட்டுவார்கள். எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். போய் உட்கார்ந்து சத்தத்தை எண்ணுவார்கள். பதினோரு துளை என்றால் பதினோரு சத்தம். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் எழுந்திருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் கூடினாலும், எண்ணினதில் தப்பு, எங்கோ ஒரு துளை வெடிக்காமல் இருக்கலாம் என்று கால் மணி நேரம் ஒரு ஈ காக்கைகூட வெளியே வராது. எண்ணத் தெரியாத பிள்ளைக்கு என் அப்பா பாறைச் சில்லைக் கையில் கொடுத்து எண்ண வைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் எண்ணக் கற்றேன், பள்ளிக்கூடத்தில் இல்லை.

வேலை நடக்கிற பள்ளத்துக்கு இந்தப் பக்கம், வெட்டி விட்டுவிட்ட பழைய பள்ளம் ஒன்று இருக்கிறது. அடியில் பச்சைத் தண்ணீர். அதன் விளிம்பில் வண்டியை நிறுத்தினேன். கிக்கர் வண்டியின் வலது பக்கம். அந்தப் பக்கம் பள்ளம் வருகிற மாதிரி, நான்கு அடி இடம் விட்டு நிறுத்தி, ஸ்டாண்டு போட்டேன். தரை முழுக்கச் சில்லு, வழுக்கும். வண்டி நகராமல் இருக்க முன்சக்கரத்துக்கு இரண்டு கல் முட்டுக் கொடுத்தேன். வண்டியை நிறுத்தும்போது லீவரைப் பின்னால் இழுத்துவைப்பது என் பழக்கம். எட்டு வருஷப் பழக்கம். அன்று இழுக்கவில்லை.

"சார், சேப்புக் கொடி கட்டிகீறானுங்க, நாம இங்க நிக்கலாமா?" என்றான்.

"இவ்வளவு தூரம் கல் வராது. நீ கிளப்பு. புது ஆள் ஏறி உட்கார வேண்டாம், பக்கத்தில நின்னே உதை. பாதி பலத்துல உதைச்சா கிளம்பாது."

அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை. அலைக்குள் கட்டுமரத்தைத் தள்ளி ஏறுகிறவனுக்குப் பாதி பலம் என்று ஒன்று கிடையாது. நான் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அது ரத்தத்தில் ஊறின பழக்கம். ஏழாவது வேட்டு விழும்போது அவன், "யம்மா, பாத்துக்கோ" என்று கடவுளைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து, எகிறி, உடம்பு முழுவதையும் அந்த வெறுங்காலில் இறக்கினான்.

வண்டி அதன் குணத்தைக் காட்டியது, அவன் பள்ளத்துக்குள் போனான். நான் அதில் கை வைக்கவில்லை, அவன் மேலும் கை வைக்கவில்லை. வண்டி அசையக்கூட இல்லை. என் அப்பாவும் அவர் கூட்டாளியும் கல்லை இழுத்து வைப்பதற்காக அந்தப் பள்ளத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு படி வெட்டியிருந்தார்கள். கடல்காரன், தண்ணீரில் விழுந்தால் நீந்தி ஏறிவிடுவான் என்று நான் நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அந்தப் படி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்துதான் சின்ன வயசில் கஞ்சி குடிப்பேன்.

உடனே செத்துப்போனான் என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதையும் திருத்திக்கொள்ளுங்கள். வண்டி உதைத்தபோது எழுந்த வெடிச்சத்தத்தையும் சேர்த்து அந்தப் பக்கம் இருந்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். பதினோரு துளைக்குப் பன்னிரண்டு சத்தம். அதனால் யாரும் எழுந்து வரவில்லை. அந்தக் கால் மணி நேரமும் அவன் படியில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முதலில் "சார், கவுறு" என்றான். ஹேண்டில்பாரில் கயிறு சுற்றித்தான் இருந்தது, பெட்டி கட்டி அளவு பார்க்க அவனே கொண்டுவந்த கயிறு. அப்புறம் "சார்" என்று மட்டும் சொன்னான். அப்புறம் அதுவும் இல்லை.

வேட்டு நேரத்தில் ஓடியாடக் கூடாது என்பது குவாரி விதி. அதை மீறிச் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சும்மாவும் நிற்கவில்லை. சில்லு பறந்து டாங்க் நசுங்கிவிடக் கூடாது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய மருந்துக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினேன். நிறுத்தியதும் பழக்கத்தில் லீவரைப் பின்னால் இழுத்துவைத்தேன். உங்கள் மெக்கானிக் வந்து பார்த்து, லீவர் சரியாகத்தான் இருக்கிறது, அப்படியும் உதைத்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று எழுதியது இதனால்தான். அவர் மேல் தப்பில்லை. என் மேலும் பெரிதாக இல்லை. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் முத்தாலம்மாள் ஸ்டேஷன் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உங்களிடம் அழுததைக் கேட்டேன். "எம்புள்ளய முழுங்கின வண்டி சாமி அது. ஒடைச்சிப் போட்ருங்க. இன்னொரு பெத்தவ வூட்டுக்கு அது போவ வாணாம்." நீங்களும் தலையை ஆட்டினீர்கள். கோளாறான வண்டி என்று ரிப்போர்ட் இருக்கும்போது ஏலத்தில்கூட யாரும் எடுக்க மாட்டார்கள், உடைத்து இரும்புக்குத்தான் போடுவார்கள் என்று ரைட்டர் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தின ராத்திரிகளில் வந்தது.

ஒன்றும் செய்யாத ஒன்றின் மேல் பழி போட்டு அதை உடைப்பது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பழி என்று ஒன்று வேண்டுமென்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். லோகுவைக் கொன்றது நான்தான். அசரியா, மேற்படி விலாசம். வண்டிக்குச் சம்பந்தமில்லை என்று தனியாக ஒரு வரி போடுங்கள்.

யூனிஸ் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை பிறந்தாலும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வீட்டில் இப்போது நிறைய இடம் இருக்கிறது. நான் திரும்பி வர எத்தனை வருஷம் ஆனாலும், அதுவரை வண்டியை உள்ளேயே நிறுத்தலாம், மழை படாது.

இப்போது ஸ்டேஷன் பின்பக்கம் புங்க மரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சம் பெயின்ட்டைத் தின்னும், ஒரு சாக்கு போட்டு மூடச் சொல்லுங்கள். இன்னொன்று. நேற்று ஒரு கான்ஸ்டபிள் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, டயரை அமுக்கிப் பார்த்து, கிளப்பிப் பார்க்கலாமா என்று இன்னொருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். உதைப்பதற்கு முன் இடது பக்கத்து லீவரைப் பின்னால் இழுக்க வேண்டும் என்று தயவுசெய்து எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். தெரிந்திருந்தும் நான் சொல்லாமல் விட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பாவத்தைச் சுமக்க என்னால் ஆகாது.